சனி பார்த்த மேடு

வெளக்கை அமத்துங்க... ஆமா, அதையுந்தான். செவப்புத் துணி சுத்துன இந்த ஒண்ணு போதும். மேகம் வெலக இன்னும் நேரம் ஆகும்லா. புதுசா வந்தவங்க இப்படிக் கிட்ட வந்து உக்காருங்க. குழாய்ல கண்ணு வைக்கிறதுக்கு முன்னால ஒரு கதை கேக்கணும், அது இந்தக் கூட்டத்து வழக்கம். நம்ம நாகமணி இருக்கானே, அவனோட பெரியப்பா வழிப் பெரியம்மாவுக்கு நடந்தது. பேரு வேலம்மா. பேய்க் கதை வேணாங்கறவங்க இப்பவே எறங்கிப் போயிடலாம்... என்ன, ஒருத்தரும் எந்திரிக்கல? தனியா எறங்கப் பயம். சரி, கேளுங்க.

விடியக்காலை நாலு மணி. ஏழாங்கட்டைச் சடக்கு... ஏழாம் மைல் ரோடு.

வெள்ளைக்காரன் ஆண்ட மலாயா. இருபத்தேழாம் வருசம், மாசி மாசம். புக்கிட் பெலிம்பிங் பக்கம் அப்ப சடக்குக்கு ரெண்டு பக்கமும் ரப்பர்ப் பால்மரந்தான். ராத்திரி பேஞ்ச மழை எலையிலேருந்து சொட்டு... சொட்டுன்னு விழுந்துக்கிட்டு இருக்கு. அழுகுன எலை வாசம். வெட்டுன பாலைச் சேக்குற ஸ்டோர் பக்கத்துலேருந்து புளிச்ச பால் வாசம். வேலம்மா தனியா நடந்து போறா. கையில வெளக்கு இல்லை. வெளக்கு இல்லாமத்தான் வரணும்னு கிராணி சொல்லியிருந்தார்.

கிராணின்னா துரைசிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர். தோட்ட ஆபீசுல உக்காந்து ஆள் கணக்கு எழுதுறவர். ஊருக்குத் திரும்பிப் போன சர்வே வெள்ளைக்காரன் ஒருத்தன் அவர்கிட்ட ஒரு பித்தளைத் தூரக்கண்ணாடியைக் கொடுத்துட்டுப் போயிருந்தான். கூலி சனங்க குடியிருக்கிற லயத்துல அதுக்குப் பேரு கிராணி குழாய். ஸ்டோருக்குப் பின்னால ஒரு மேடு. அங்க அதை மூணு காலு கட்டையில நிறுத்தி வச்சுக்கிட்டு, வாங்கோ, யார் வேணுமெண்டாலும் வந்து பாருங்கோன்னு லயத்துக்கு ஆள் அனுப்பினார்.

யாரு போவா? செல்லையான்னு பால் வெட்டுற ஆளு ஒருத்தன் போனான். அவ்வளவுதான். ஏன்னா அந்த மாசம் விடியக்காலையில உச்சிக்கு வந்து நின்னது யாரு தெரியுமா? சனி. சாட்சாத் சனீஸ்வரன்.

"தெருவோட போற சனியனைத் தூக்கித் தோள்ல போட்டுக்காதீங்க"ன்னு ஆளுங்களை மேய்க்கிற மண்டோரு நாராயணசாமி லயம் லயமாச் சொல்லிட்டு வந்தான். "ஒருத்தனைப் பிடிச்சா லயத்தையே பிடிக்கும். சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுக்கப் பாக்குறான் அந்த யாழ்ப்பாணத்தான்."

அதுக்கு மேல வேற யாருக்கும் வாய் வரலை. வேலம்மாவுக்கு வந்துச்சு. "ஏழு மாசமா அந்தச் சனி என்னையேதான் பாத்துக்கிட்டு இருக்கான் மண்டோரய்யா. ஒரு தரம் நான் அவனைப் பாத்துட்டு வர்றேன்"னா.

என்ன ஏழு மாசம்? அவளுக்கு ஒரு தம்பி. முருகையான்னு பேரு. அக்காளும் தம்பியுமா ஒரே கப்பல்ல வந்தவங்க, வேற நாதி கெடையாது. தோட்டத்தைப் பாக்க ஒரு அதிகாரி வந்தப்போ, பெரட்டுல... பெரட்டுன்னா விடியறப்போ எல்லாரையும் வரிசையா நிக்க வச்சுப் பேரு கூப்பிடுறது... அந்தப் பெரட்டு வரிசையை விட்டு முன்னால வந்து, "மண்டோரு பொம்பளைங்களைக் காலால எத்துறாருங்க"ன்னு சொன்னவன் அவன். சொல்லி நாலாம் நாள் ஆளைக் காணோம்.

ஓடிட்டான்னான் மண்டோரு. ரவாங் பக்கம் ஈயம் தோண்டுற லம்பத்துல இருக்கானாம், பாத்தவங்க சொன்னாங்களாம். அக்காளை அம்போன்னு விட்டுட்டு ஓடினவன். அன்னைக்கு முதல் லயத்துல அவன் பேரே ஓடுகாலி. வேலம்மா மட்டும் ஒத்துக்கலை. ஓடுறவன் இருக்கிற ஒரே சட்டையைக் கொடியில விட்டுட்டா ஓடுவான்? அந்தச் சட்டையை எடுத்து மடிச்சு வச்சிருந்தா. தம்பி ஓடலைன்னு ஒருத்தர் வாயால கேட்டாப் போதும், அதுக்கப்புறம் செத்தாலும் சரி... அப்படி இருந்தா அவ.

அந்த நெனைப்போடதான் அன்னைக்கு மேடு ஏறுனா.

"வாங்கோ பிள்ளை"ன்னார் கிராணி. ஆபீசுல "வா, போ"ன்னு பேசுற அதே மனுசன். மேட்டுல மட்டும் எல்லாருக்கும் "வாங்கோ, இருங்கோ"தான். "புதுசா வந்த ஆக்கள்தான் இஞ்சை முதலிலை பாக்கிறது. ஆனால் அவசரப்படாதேயுங்கோ. கண் இருட்டுக்குப் பழக அரை மணித்தியாலம் வேணும். அதுவரைக்கும் நெருப்புக்குச்சி கூடக் கிழிக்கப்படாது. சும்மா மேலை பாத்துக்கொண்டு இருங்கோ."

அவளும் ஈரப் புல்லுல உக்காந்து பாத்தா. முதல்ல பத்து வெள்ளி, நட்சத்திரம். அப்புறம் நூறு. அப்புறம் எண்ண முடியலை.

"அந்த மங்கல் வெள்ளி தெரியுதோ? தெரியாது. நேரை பாத்தால் அது ஒளிச்சிடும். கொஞ்சம் பக்கத்திலை பாருங்கோ... ஓரக்கண்ணாலை. இப்ப?"

தெரிஞ்சுச்சு. நேராப் பாத்தா இல்லை. பக்கத்துல பாத்தா இருக்கு.

அப்புறம் குழாய்ல கண்ணை வச்சா. சனி. தாம்பாளத்துக்கு நடுவுல எலுமிச்சம்பழத்தை வச்ச மாதிரி, ஆடாம அசையாம இம்புட்டுண்டு நிக்குது. "இவனுக்கா நாம இத்தனை நாளாப் பயந்து செத்தோம்?"னு கேட்டா வேலம்மா.

வெளுக்க ஆரம்பிச்சதும் கிராணி குழாயைக் கீழ திருப்பிக் காட்டினார். மலாய்க்காரங்க கிராமம், அந்தக் கம்பத்துத் தென்னை உச்சி கீழயும் வேர் மேலயுமாத் தொங்குது. மலாய்க்காரர் ஒருத்தர் தலைகீழா சைக்கிள் மிதிச்சுக்கிட்டுப் போறாரு. அவ பதறிப் போயிட்டா. "பயப்பிடாதேயுங்கோ, இந்தக் குழாய்க்குள்ளை எல்லாம் தலைகீழாய்த்தான் நிக்கும். அது குழாயின்ரை குணம்"னார். இதை நல்லா ஞாபகம் வச்சுக்குங்க. நீங்களும் அப்படித்தான் பாக்கப் போறீங்க. அந்த சைக்கிள்காரரைப் பாத்து வேலம்மா வாய்விட்டுச் சிரிச்சா. ஏழு மாசத்துல அதுதான் முதல் சிரிப்பு.

அதுக்கப்புறம் அவளே ஆள் பிடிக்க ஆரம்பிச்சுட்டா. சனியைப் பாத்துட்டு வந்தவளுக்கு ஒண்ணும் ஆகலைங்கிறதை லயம் பாத்துச்சுல்ல? பங்குனி பொறக்கறதுக்குள்ள எட்டுப் பேரு. இருட்டுல எட்டுப் பேரு மேடு ஏறுனா, எறங்குறப்போ எட்டும் இருக்கணுமே, பாம்பு பல்லியெல்லாம் இருக்கிற எடம். கிராணிக்கு ஆள் எண்ண ஒரே வழிதான் தெரியும். பெரட்டு மாதிரியே பேரு கூப்பிடுவார். வெளக்கு கூடாதே, அதனால காகிதம் இல்லை, மனப்பாடமாவே கூப்பிடுவார். அங்கதான் வந்துச்சு வெனை.

அமாவாசை. காத்து கொஞ்சம்கூட இல்லை. கீழ ஆத்தோரம் மரத்துல மின்மினி எல்லாம் ஒண்ணா எரியுது... ஒண்ணா அணையுது... எரியுது... அணையுது...

"செல்லையா."

"இருக்கேங்க."

"சோமு."

"இருக்கேங்க."

"வேலம்மா."

"இருக்கேங்க."

"முருகையா."

கூப்பிட்ட பொறகுதான் கிராணி நாக்கைக் கடிச்சுக்கிட்டார். ரெண்டு வருசமா ஆபீஸ் ஏட்டுல வேலம்மாவுக்கு அடுத்த வரி முருகையாதான். வாய் பழக்கத்துல வந்துருச்சு. அமாவாசை இருட்டுல, ஆள் இல்லாத பேரைச் சத்தமாக் கூப்பிட்டுட்டார்.

பூச்சிச் சத்தம் கூட நின்னு போச்சு.

வரிசைக்குப் பின்னாலேருந்து... வாய் நெறயத் தண்ணியை வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி...

"இருக்கேங்க."

செல்லையா விட்டான் பாருங்க ஒரு ஓட்டம்! ஆளு லயத்துல, வேட்டி வேலிக் கம்பியில. அவன் பின்னாலயே அஞ்சு பேரு. சோமு மட்டும் நின்னான். வீரம் ஒண்ணும் இல்லை, காலு வரலை. கிராணி நெருப்புப் பெட்டியைத் தேடினார். வேலம்மா டக்குனு அவர் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"வேணாங்கய்யா. வெளக்குப் போட்டா இருட்டுக்குப் பழகுன கண்ணு கெட்டுப் போயிடும். நீங்கதானே சொன்னீங்க."

திரும்பி நேராப் பாத்தா. ஒண்ணுமில்லை, இருட்டு. அப்புறம் கண்ணை மெதுவா நகத்தி, பக்கத்துல இருந்த பால்மரத்தைப் பாத்தா. ஓரக்கண்ணுல... நிக்கிறான். தலை தொங்கியிருக்கு. முடியிலேருந்து சொட்டு... சொட்டு... அன்னைக்கு மழையே இல்லைங்க. பாசி வாசம் வருது. ரொம்ப நாளாத் தூர் வாராத கெணத்துச் சேத்து வாசம்.

அவளுக்குப் பயமா இல்லையான்னு கேப்பீங்க. இருந்துச்சு. பல்லு கிட்டிப் போச்சு, கண்ணுலேருந்து தண்ணி தாரை தாரையாக் கொட்டுது. ஆனா ஒரு அடி நகரலை. ஊரே ஓடுகாலின்னு சொன்ன பயல், பேரு கூப்பிட்டதும் வந்து நிக்கிறான். இவ ஓடுவாளா?

"புதுசா வந்தவங்க முதல்லன்னு சொன்னீங்கல்லய்யா? தள்ளுங்க. அவன் பாக்கட்டும்"னா.

கிராணி தள்ளிக்கிட்டார்.

"வா தம்பி. இப்படி வந்து நில்லு. கண்ணு பழகுற வரைக்கும் அவசரப்படாத... இருட்டு உனக்குப் பழகித்தான் இருக்கும். குழாயை இடிச்சுடாத. உள்ள தலைகீழாத் தெரியும், அதுக்குப் பயந்துக்காத, அது குழாயோட கொணம்." அக்காகாரி புதுசாப் பள்ளிக்கூடம் போற தம்பிக்குச் சொல்ற மாதிரி ஒவ்வொண்ணாச் சொன்னா.

சளக்... சளக்... ஈரக் காலு புல்லுல வருது. சோமு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டான். குழாய் கிட்ட வந்து நின்னுச்சு. கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்லை.

அப்புறம்... கிரீச்...

சனியைப் பாத்துக்கிட்டு இருந்த பித்தளைக் குழாய் தானா எறங்குது. யாரும் தொடலை. மெதுவா... கீழ... இன்னும் கீழ... ஒரு எடத்துல நின்னுச்சு. பாசி வாசம் போயிருச்சு. பூச்சி மறுபடி கத்த ஆரம்பிச்சுது.

மூணு பேரும் அப்படியே உக்காந்திருந்தாங்க, குழாயைத் தொடாம. வெளுத்ததும் வேலம்மா எந்திரிச்சுப் போயி கண்ணை வச்சா. கண்ணு வைக்கிற எடம் ஈரமா இருந்துச்சு. சேறு சில்லுன்னு இமையில ஒட்டுச்சு. தொடைக்காமப் பாத்தா.

ஸ்டோருக்குப் பின்னால இருந்த பழைய கெணறு. தண்ணி கெட்டுப் போச்சுன்னு சொல்லி, ஏழு மாசத்துக்கு முன்னால மண்டோரு பலகை அடிச்சு மூடுன கெணறு. குழாய்க்குள்ள வாழை மரம் தலைகீழாத் தொங்குது. ஸ்டோர்க் கூரை தலைகீழா. கெணத்துச் சுவரும் தலைகீழா. அதுங்களுக்கு நடுவுல முருகையா.

அவன் நேரா நிக்கிறான். தலை மேல, காலு கீழ. இவளையே பாத்துக்கிட்டு நிக்கிறான்.

கிராணி ஓடி வந்து பாத்தார். அவருக்குக் கெணறும் வாழையுந்தான் தெரிஞ்சுச்சு.

"குழாய்க்குள்ள எல்லாம் தலைகீழாத்தானே தெரியும்னீங்க? அவன் நேரா நின்னான்யா. அப்படின்னா நெசத்துல அவன்..." கையைத் தலைகீழாக் கவுத்துக் காட்டுனா.

கீழ தண்டவாளத் துண்டைத் தட்டுறாங்க. டாங்... டாங்... பெரட்டு. வேலம்மா எறங்கி நேராப் போயி வரிசைக்கு முன்னால, ஏழு மாசத்துக்கு முன்னால தம்பி நின்ன அதே எடத்துல நின்னா. "பழைய கெணத்தை எறைங்க. என் தம்பி அதுலதான் இருக்கான். அது வரைக்கும் நான் பால் வெட்டுற கத்தியைத் தொட மாட்டேன்"னா.

"கிறுக்கச்சி! சனி பிடிச்சிருச்சு இவளுக்கு, நான் அப்பவே சொன்னேன்"னு மண்டோரு கையை ஓங்கினான். அவ மொகத்தைத் திருப்பலை. "அடிங்க. அடிச்சுட்டு எறைங்க"ன்னா. அவன் அடிக்கல. அவ போயி கெணத்துச் சுவத்துல உக்காந்துக்கிட்டா. கொஞ்ச நேரத்துல சோமு வந்து பக்கத்துல உக்காந்தான். அப்புறம் செல்லையா, வேற வேட்டி கட்டிக்கிட்டு. வெயில் ஏறுறதுக்குள்ள அறுபது பேரு. ஒரு மரத்துலயும் பால் வடியலை. வெள்ளைக்காரத் துரையே வந்து பாத்துட்டு, எறைச்சுத் தொலைங்கன்னுட்டார்.

பலகையைப் பேத்தாங்க. எறைக்க எறைக்கத் தண்ணி கறுப்பா வருது. மத்தியானம் ரெண்டு மணிக்கு வாளி எதுலயோ தட்டுச்சு.

முதல்ல தெரிஞ்சது காலு. வெறும் எலும்பு. எடது கணுக்கால்ல, கப்பல் ஏறுறப்போ வேலம்மா கட்டிவிட்ட கறுப்புக் கயிறு அப்படியே இருந்துச்சு. காலு ரெண்டும் வானத்தைப் பாத்து இருக்கு. தலை சேத்துக்குள்ள. ஏழு மாசமா அவன் தலைகீழா நின்னுக்கிட்டே இருந்திருக்கான்.

விசாரிக்க வந்தவங்க, குடிச்சுட்டுத் தவறி விழுந்துட்டான்னு எழுதிக்கிட்டுப் போனாங்க. முருகையா கள்ளுக்கடைப் பக்கமே போனதில்லை. "தவறி விழுந்தவன் உள்ளேருந்து பலகையும் அடிச்சுக்கிட்டானா?"ன்னு வேலம்மா அத்தனை பேரு முன்னாலயும் கேட்டா. அன்னைக்கு முதல் லயத்துல யாரும் அவனை ஓடுகாலின்னு சொன்னதில்லை.

தம்பியைப் பொதைச்ச அன்னைக்கு சாயங்காலம் மண்டோரு அவ வாசல்ல வந்து நின்னான். துரை உத்தரவாம், இனிமே யாரும் மேடு ஏறக் கூடாது, ஞாயித்துக்கெழமைக்குள்ள கிராணி குழாயைக் கழட்டிடணும். சொல்லிட்டுக் குனிஞ்சு, அவளுக்கு மட்டும் கேக்குற மாதிரி, "கெணறு இன்னும் தொறந்துதான் கெடக்கு"ன்னான்.

வேலம்மா அவனை ஏற எறங்கப் பாத்தா. "ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் மூணு நாள் கெடக்கு மண்டோரய்யா. நாளைக்கும் போவேன். சனி நல்லாத் தெரியுற நேரம். நீங்களும் வாங்க, புதுசா வர்றவங்க முதல்ல பாக்கலாம்"னா.

மறுநாள் விடியக்காலை நாலு மணி. அதே சடக்கு. ஆனா வேலம்மா தனியாப் போகலை. முன்னால செவப்புச் சீலை கிழிச்சு மூடுன ஒரே ஒரு லாந்தர். பின்னால லயமே போகுது... பொம்பளைங்க, புள்ளைங்க, கெழவங்க. மேட்டுல நிக்க எடம் இல்லை. கிராணி அத்தனை பேருக்கும், "வாங்கோ, வாங்கோ, கண்ணைப் பழக்குங்கோ"ன்னு சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப் போச்சு. வேலை போகும்னு அவருக்கும் தெரியும். போகட்டுமேன்னு நின்னார்.

பேரு கூப்பிட்டார். அத்தனை பேரும் கூப்பிட்டு முடிஞ்சு, இந்தத் தரம் வாய் தவறி இல்லை, வேணும்னே கூப்பிட்டார். "முருகையா."

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். இல்லை. பாவம், அமைதியாயிட்டான் போலன்னு பொம்பளைங்க கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க. வேலம்மா மட்டும் ஓரக்கண்ணால மரத்தடி மரத்தடியாத் தேடிக்கிட்டே இருந்தா. மேட்டுல அவன் இல்லை.

அத்தனை பேரும் வரிசையாச் சனியைப் பாத்தாங்க. வெளுத்துருச்சு. கீழ தண்டவாளம் தட்டுது. டாங்... டாங்... ஒருத்தரும் எறங்கலை. மறுபடி தட்டுது. யாரும் அசையலை.

யாரு தட்டுறான்னு பாக்க வேலம்மா குழாயைக் கீழ எறக்குனா.

பெரட்டுத் தெடல். ஸ்டோர் தலைகீழா. ஆபீஸ் தலைகீழா. தண்டவாளம் தொங்குற மரம் தலைகீழா. வாலை ஆட்டிக்கிட்டு ஒரு நாயி, அதுவும் தலைகீழா. தெடலுக்கு நடுவுல கையில சுத்தியலோட மண்டோரு நாராயணசாமி, முடியிலேருந்து தண்ணி சொட்டச் சொட்ட.

கண்ணை எடுத்துத் தொடைச்சுக்கிட்டு மறுபடி பாத்தா. கண்ணு வைக்கிற எடம் ஈரமா இருந்துச்சு.

"என்ன பிள்ளை? என்ன தெரியுது?"ன்னு கேட்டார் கிராணி.

வேலம்மா குழாயை விட்டுத் தள்ளி நின்னுக்கிட்டுச் சொன்னா...

"மண்டோரு நேரா நிக்கிறாருங்கய்யா."